நிபந்தனைப் பட்டாவும் நிசார் செயற்கைக்கோளும்

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி காலனிக்காரன். அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர். பையன் என்ஜினியரிங் முடித்து ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் வாங்கியிருந்தான். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசா வேண்டுமென்றால் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவை, 11,904 யூரோவை, முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்டணும். நம்ம காசுக்குப் பன்னிரண்டு லட்சத்தைத் தொடும். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம் கேட்பது வங்கிகளின் நடைமுறை. தம்பி கொண்டுவந்தது அவன் தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டுமனைப் பட்டா. நிபந்தனைப் பட்டா. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. 'ஈடாக ஏற்க இயலாது' என்று மேலிருந்து எழுதி வந்தது. அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தது என் கை. அவன் சண்டை போடலை. "சரிங்கண்ணா"ன்னு மடித்து பாலிதீன் கவருக்குள் வைத்துக்கொண்டு போனான்.

இது 2025 ஜூலையில். அதே மாசம் 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் கிளம்பியது. அமெரிக்காவின் நாசாவும் நம் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. ஒரு ரேடார் அவர்களுடையது, இன்னொரு ரேடார் நம்முடையது, ஏற்றிப் போன ராக்கெட்டும் நம்முடையது. டீக்கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். அறிவியல்மீது எனக்கு வெறுப்பு கிடையாது. சாமி கும்பிடுகிறவன் கோயிலை நினைப்பதுபோல நான் சோதனைக்கூடத்தை நினைக்கிறவன். கேள்வி வேறு. நாடு நாடோடு கை குலுக்கும்போது, அந்தக் கை யாருடைய கை?

இந்த நாட்டின் அறிவியல் தனியாக வளர்ந்ததில்லை. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதலில் பறந்த ராக்கெட் அமெரிக்காவுடையது. அதற்குள் இருந்த சோதனைக் கருவி பிரான்சுடையது. நம்முடையது என்ன? கடற்கரை. அதுவும் மீனவர்களின் கடற்கரை. அவர்களது மேரி மக்தலேனா தேவாலயம்தான் விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. ஊரை விட்டுக்கொடுத்து எழுந்து போனவர்களைச் சர்வதேச ஒத்துழைப்பின் கணக்கில் யாரும் பங்குதாரராக எழுதுவதில்லை.

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி. வந்தது. பம்பாய்க்கு சோவியத், கான்பூருக்கு அமெரிக்கா, டெல்லிக்கு பிரிட்டன். நாலு திசையிலிருந்தும் எந்திரமும் பேராசிரியரும் வந்து இறங்கினார்கள். சரி, அந்தக் கட்டடத்துக்குள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு எப்போது வந்தது? 1973இல். ஜெர்மன்காரன் கிண்டிக்கு வந்து சேர்ந்து பதினாலு வருஷம் கழித்து. ம்யூனிக்கைவிட சேரி தூரமாக இருந்திருக்கிறது!

இந்தத் தூரத்தை முன்பே அளந்து வைத்தவர் ஒருவர் உண்டு. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனவர். பணம் நின்றதும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் கப்பலேறித் திரும்பியவர். வேலை பார்த்து, கடன் வாங்கி, 1920இல் மறுபடி போய் முடித்தவர். அம்பேத்கரைச் சட்ட மேதை என்று சிலை வைத்து நிறுத்திவிட்டார்கள். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் சேர்ந்த அதே 1942இல் அவர் லின்லித்கோவுக்குக் கொடுத்த மனுவை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நம் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கேட்டார். அதே படிப்பை வெளிநாட்டில் படிக்க இன்னும் ஒரு லட்சம் கேட்டார். கலைப்படிப்பும் சட்டமும் போதாது, உயர் அறிவியல் வேண்டும் என்று வாதாடினார். நாட்டுக்கு ஐ.ஐ.டி. வருமுன்பே இந்தக் கோரிக்கை வந்துவிட்டது, தோழர்களே.

1954-55இல் தொடங்கிய தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இந்த வழியில் வந்ததுதான். இப்போது வருஷத்துக்கு 125 இடம். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. 2011 கணக்குப்படி நாம் இருபது கோடிப் பேர். அதையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? அதே 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மிச்சம் 66 பேருக்கு 'நிதி இருந்தால்' என்று பதில். ராக்கெட் ஏறும் நாளை எண்ணிச் சொல்கிற நாடு, படிக்கத் தேர்வான பிள்ளைக்கு மட்டும் 'இருந்தால்' போடுகிறது.

"அது விண்வெளித் துறை, இது சமூகநீதித் துறை. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறே?" என்று எங்க ஆபீஸ் நண்பர் கேட்டார். துறைகள் வேறு வேறாக இருப்பதுதான் சூழ்ச்சியே. அறிவியலில் முன்னணி என்பது எந்திரத்தில் இல்லை, அதைப் பிரித்துப் பார்த்துத் திரும்பச் செய்யத் தெரிந்த ஆளில் இருக்கிறது. இதற்கு நம்ம கிரையோஜெனிக் கதையே சாட்சி. 1991இல் சோவியத்தோடு ஒப்பந்தம். 1992இல் அமெரிக்கா தடை போட்டது. 1993இல் ரஷ்யா பின்வாங்கி, 'எந்திரம் தருகிறேன், செய்முறை தர மாட்டேன்' என்றது. தேசமே கொதித்தது. தண்ணி மோந்து ஊத்துவேன், கிணத்தைத் தொடாதே என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த வலியை எங்களிடம் கேட்டிருந்தால் விளக்கமாகவே சொல்லியிருப்போம். கொதித்த தேசம் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் சோதித்துச் சோதித்து, 2014 ஜனவரி 5இல் சொந்த கிரையோஜெனிக் எந்திரத்தோடு பறந்து காட்டியது. தடுத்தவனை மீறினால் வளர்ச்சி என்று தெரிந்தவர்கள்தான், தாங்கள் தடுக்கும்போது 'தகுதி' என்கிறார்கள். (கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் முதல் சட்டம் வந்ததும் அதே 1993தான். மலக்குழிச் சாவு இன்னும் நிற்கலை. அந்த எந்திரத்துக்காக எந்த நாட்டோடும் யாரும் இந்த வேகத்தில் ஒப்பந்தம் போடவில்லை.)

ஆகவே ஒத்துழைப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும். அமெரிக்காவோடு, ஜெர்மனியோடு, ஜப்பானோடு எல்லாம் வேண்டும். ஆனால் கூட்டு ஆராய்ச்சி ஒவ்வொன்றிலும் போகிற குழுவில், பயிற்சியில், ஆய்வு மாணவர் இடத்தில் நம் பங்கைக் கணக்குக் காட்டச் சொல்லணும். தேர்வான பிள்ளைக்கு நிதி கட்டாயம் என்று ஆக்கணும்.

இன்னொன்று, வங்கியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது. ஏழரை லட்சம் வரையான கல்விக்கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி உண்டு. ஈடு வேண்டாம். அதைத் தாண்டினால் பட்டா கேட்போம். எங்களிடம் இருக்கிற பட்டா எப்படிப்பட்டது என்று அரசுக்கே தெரியும், கொடுத்ததே அதுதானே. வெளிநாட்டில் அறிவியல் படிக்கப் போகும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த உத்தரவாதத்தை இருபது லட்சமாக உயர்த்தக் கேட்டு மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். மாணவர் அமைப்புகள் படித்துத் திருத்தி, கையெழுத்துச் சேர்த்துத் தந்தால் அனுப்பிவிடலாம். அடுத்த வருஷச் சேர்க்கைக்கு முன்னால் போய்ச் சேரணும்.