தலைவலியைச் சொல்வது பொறுமையின்மை அன்று



சென்னீர்குப்பத்தில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடத்தி வருகிறேன். பாடம் முடிந்த பின் சகோதரிகள் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஐயங்களுள் சில, மேலோட்டமாகப் பார்த்தால் சட்டக் கேள்விகள். ருகூவில் குனிந்தால் தலை பிளப்பதுபோல் இருக்கிறது, உட்கார்ந்து தொழலாமா? ஸஹரில் மாத்திரை விழுங்கியும் லுஹருக்குள் வாந்தி வந்துவிடுகிறது, நோன்பு முறிந்துவிட்டதா? இவற்றுக்கு விடை சொல்வது எளிது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம். தானாக வரும் வாந்தியால் நோன்பு முறியாது. ஆனால், எத்தனை ஆண்டுகளாக இப்படி என்று திருப்பிக் கேட்டால், பத்து, பதினைந்து என்று பதில் வரும். மருத்துவரிடம் காட்டினீர்களா என்றால், "தலைவலிக்கெல்லாம் யாராவது டாக்டரிடம் போவார்களா?" என்று சிரித்துவிடுவார்கள்.

மாதத்தில் நான்கைந்து நாட்கள் ஒருவரை இருட்டறையில் கிடத்திவிடும் ஒன்றை, நாம் இன்னும் நோய் என்று ஏற்கவில்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி சாட்சி சொல்லும். சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனை சாட்சி சொல்லும். ஒற்றைத் தலைவலிக்கோ நோயாளியின் வாய்மொழியைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் அதில் ஒன்றும் தெரியாது. ஆகவே அவரை நம்புவதிலிருந்துதான் சிகிச்சையே தொடங்குகிறது. நம் வீடுகள் சறுக்குவதும் இந்த முதற்படியில்தான். வெயிலில் போனாய், கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாய், கண் பட்டிருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. இறுதியில் மார்க்கத்தின் பெயராலேயே ஒரு வாசகம் வருகிறது: "ஸபூர் செய், நன்மை கிடைக்கும்."

நோயும் துன்பமும் இறைநம்பிக்கையாளரின் பாவங்களுக்குப் பரிகாரமாகின்றன என்பதில் நமக்கு ஐயமில்லை. காலில் தைக்கும் முள்ளுக்கும் அது பொருந்தும் என்பது நபிமொழி. ஆனால் வலிப்பவர் தம் உள்ளத்துக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் வேறு. வலிக்காதவர், எழுந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் சிரமத்திலிருந்து தப்பிக்கச் சொல்லும் வாசகம் வேறு.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் நூலில் நோயாளிகளைப் பற்றி ஒரு தனிப் பகுதி அமைத்துள்ளார்கள். அதில், நோயாளி தமக்கு வலிக்கிறது என்றும் தம் தலையே போகிறதென்றும் சொல்ல அனுமதி உண்டு என்பதற்கே ஒரு பாடத் தலைப்பு இட்டிருக்கிறார்கள். அதன் கீழ் வரும் செய்தி நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருக்க வேண்டியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி தாளாமல் வாய்விட்டு அரற்றினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்தவுமில்லை. அவருக்காக துஆச் செய்வதைப் பற்றிப் பேசினார்கள். தம் தலையும் வலிப்பதாகக் கூறினார்கள். மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கையில் "இன்னும் சாப்பாடு ஆகவில்லையா?" என்று கேட்கும் கணவன்மார் இந்த ஹதீஸை ஒரு முறையேனும் ஓதிப் பார்க்கட்டும்.

பொறுமைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் மற்றொரு ஹதீஸும் உண்டு. வலிப்பு நோய் கொண்ட பெண்மணி ஒருவர் நபியவர்களிடம் வந்து, தமக்காக துஆச் செய்யுமாறு வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். வலிப்பின்போது தம் ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆக் கேட்டார், நபியவர்களும் செய்தார்கள். நாம் கவனிக்கத் தவறுவது என்னவெனில், அங்கே தேர்வு நோயாளியின் கையில் இருந்தது. அவருடைய கணவரோ மாமியாரோ அண்டை வீட்டாரோ அவருக்காகப் பொறுமையைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒற்றைத் தலைவலிக்கு அரபு மொழியில் ஷகீகா என்று பெயர். இந்தச் சொல்லே ஹதீஸில் வருகிறது. மக்காவுக்குச் செல்லும் வழியில் லஹ்யு ஜமல் என்னுமிடத்தில், இஹ்ராம் அணிந்த நிலையில், நபி (ஸல்) அவர்கள் தமக்கிருந்த ஷகீகாவின் காரணமாகத் தலையில் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இஹ்ராமில் முடி களைவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதை நாமறிவோம். அந்த நிலையிலும், பயணத்தின் நடுவிலும், ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சிகிச்சை தள்ளிப்போடப்படவில்லை. பத்தாண்டுகளாகத் தள்ளிப்போடும் நம் வழக்கத்துக்கு இந்த சுன்னத்தில் இடம் எங்கே?

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் வாசனையும் தாங்காது, படியேறினாலே வலி கூடும். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே மின்னல் கோடுகள் தோன்றும். இது மூளையும் நரம்புகளும் சம்பந்தப்பட்ட நோய், குடும்பவழியாகவும் வரும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் கர்நாடகத்தில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேருக்கு ஓராண்டுக்குள் இந்நோய் வந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது மிகுதி. நம் பகுதியில் ஆவடி சாலையின் லாரி ஓசையும், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் இரவு ஷிஃப்டும் இதற்குத் தீனி போடுகின்றன. தூக்க நேரம் மாறுவது முக்கியமான தூண்டுதல்.

வாசனை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அத்தர் பூசுவது சுன்னத்துதான். எனினும் பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டவர் பிறருக்குத் தொல்லை தராதிருக்கப் பள்ளிவாசலை விட்டு விலகியிருக்கட்டும் என்று கற்றுத்தந்த மார்க்கம் இது. காற்றோட்டமில்லாத அறையில் சாம்பிராணி போடும் முன், அங்கே தலைவலிக்காரர் யாரேனும் இருக்கிறாரா என்று பார்ப்பதும் அதே ஒழுக்கத்தில் சேரும் என்பது என் கருத்து.

இனி, எனக்கு மிகவும் கவலையளிக்கும் பகுதிக்கு வருகிறேன். மருத்துவரிடம் போவதில்லை என்பதால் மருந்தே உண்பதில்லை என்று பொருளல்ல. மருந்துக்கடையில் "தலைவலி மாத்திரை" என்று கேட்டு வாங்கி, தோல்பையில் ஓர் அட்டை, சமையலறை அலமாரியில் ஓர் அட்டை என்று வைத்திருப்போர் பலர். முதலில் வாரம் ஒன்று, பிறகு மூன்று, பிறகு காலையில் எழும்போதே ஒன்று. இங்கேதான் வலை விரிக்கப்பட்டிருக்கிறது. வலி மாத்திரையை அளவு மீறி எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்! பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரைகளையும் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகளையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்துவந்தால் இந்நிலை வரலாம் என்று மருத்துவ உலகம் வரையறுத்திருக்கிறது. அப்போது தலைவலி ஏறக்குறைய தினசரி நோயாகிவிடும். மாத்திரை போட்டால் சற்றே தணியும், மருந்து இறங்கியதும் மீண்டும் வரும், மீண்டும் மாத்திரை. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் நேரும் கேடு தனி.

இதிலிருந்து விடுபட வழி உண்டு என்பதைப் பலர் அறியவே மாட்டார்கள். வலி வந்த பின் உண்பது ஒரு வகை மருந்து. வலி வராமலே தடுக்க, சில மாதங்கள் தினமும் உண்பது வேறொரு வகை. புரோபிரனோலால், அமிட்ரிப்டிலின், ஃபுளுனாரிசின், டோபிரமேட் போன்றவை அதற்குப் பயன்படுகின்றன. இவற்றுள் எது யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோபிரனோலால் ஆகாது. கருவுற்றிருப்போரும் கருவுறக்கூடியவர்களும் சில மருந்துகளைத் தவிர்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டு லாத்தாவுக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று அட்டையைக் கடன் வாங்குவது ஆபத்து.

ரமழானைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவடையாது. தலைவலிக்காரர்கள் ரமழானை ஆவலோடும் அச்சத்தோடும் எதிர்நோக்குகிறார்கள். அந்த அச்சம் ஈமானின் குறைவன்று. நெகேவ் பகுதியின் பதூயின் முஸ்லிம்களுள் ஒற்றைத் தலைவலி உள்ள 32 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஆய்வொன்றில், பிற மாதத்தில் சராசரியாக 3.7 நாட்கள் வந்த வலி, ரமழானில் 9.4 நாட்களாக உயர்ந்திருந்தது. பசி, நீரின்மை, துண்டுபட்ட உறக்கம் எல்லாம் ஒரே மாதத்தில் கூடிவிடுகின்றன. இவற்றோடு, நாம் எண்ணிப் பார்க்காத இன்னொன்று: தேநீர். நாளைக்கு நான்கு குவளை குடித்தவர் முதல் நோன்பன்று திடீரென நிறுத்தினால் தலை வலிக்கத்தான் செய்யும். ஷஅபான் பிற்பகுதியிலிருந்தே குவளைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வரலாம். ஸஹரை விடாமலும் பிந்தியும் உண்பதும், இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே தண்ணீரைப் பிரித்துப் பிரித்து அருந்துவதும் உதவும்.

இத்தனையும் செய்தும் வலி கடுமையாகி, நோன்பு அதை மிகைப்படுத்தினால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை ஸூரா அல்பகராவின் 185-ஆம் வசனத்தில் தெளிவாக இருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். நோன்பை விட்ட பெண்ணை உறவினர் ஒரு மாதிரியாகப் பார்ப்பதும், அந்தப் பார்வைக்கு அஞ்சி அவர் வாந்தியெடுத்தபடியே சமையற்கட்டில் நிற்பதும் மார்க்கம் கேட்டவை அல்ல. இதில் ஐயமுள்ளவர்கள் தம் நிலையை மருத்துவரிடம் கேட்டறிந்து, அதை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் செல்லட்டும்.

ஓதிப் பார்ப்பதையும் ஹிஜாமாவையும் குறைத்துப் பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். குர்ஆன் வசனங்களை ஓதித் தலையில் தடவும் தாயின் கைக்கு ஈடேது? ஆனால் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடுவதும், "ஹிஜாமா சுன்னத், ஆகவே ஆங்கில மருந்தை நிறுத்து" என்று கட்டளையிடுவதும் நபிவழியாகா. நோயை இறக்கிய இறைவன் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபிமொழி; அதைத் தேடும் பணி ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த மாமருத்துவர் அஸ்ஸஹ்ராவீ, ஷகீகாவுக்கு நெற்றிப்பொட்டில் கீறிப் பூண்டுப் பல்லை உள்ளே வைக்கும் முறையைக்கூட எழுதி வைத்திருக்கிறார். அவரை மதிக்கிறோம் என்பதற்காக இன்று எவரும் அதைச் செய்துகொள்ள மாட்டார். ஹிஜாமாவை விரும்புவோர், வீட்டு மாடியில் பலகை மாட்டியவரிடம் செல்லாமல், முறையாகப் பட்டம் பெற்ற யுனானி மருத்துவரிடம் செல்லட்டும். அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரத்தசோகை உள்ளோரும், இரத்தத்தை இளக்கும் மருந்து உண்போரும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சில தலைவலிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. வாழ்நாளில் கண்டிராத வலி நொடிப்பொழுதில் இடிபோல் இறங்குவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கைகால் தளர்வது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது, தலையில் அடிபட்ட பின் வருவது, பிரசவத்தை ஒட்டி வருவது ஆகிய நிலைகளில் உடனே 108-ஐ அழையுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

மற்றவர்களுக்கு வழி தூரமில்லை. நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே பேருந்தேறினால், அரும்பாக்கத்தைத் தாண்டிக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. அதே சாலையின் முடிவில், சென்ட்ரலுக்கு எதிரே, நரம்பியல் துறை கொண்ட ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். நம் வீட்டுச் சுவரில் தொழுகை நேர நாட்காட்டி தொங்குகிறதல்லவா? தலை வலித்த நாளில் ஒரு கோடும், மாத்திரை உண்ட நாளில் ஒரு வட்டமும், மாதவிலக்கு நாட்களில் ஒரு புள்ளியும் அதில் இட்டு வாருங்கள். இரண்டு மூன்று மாதத் தாள்களைக் கிழிக்காமல் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டினால், நோயாளி வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாதவற்றை அவை சொல்லிவிடும். இப்பணியை ரஜப் பிறக்கும் முன்பே தொடங்கினால், தடுப்பு மருந்தைத் தொடங்கி, அது வேலை செய்கிறதா என்று பார்த்து, நோன்பில் அதை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பிரித்துக்கொடுக்க மருத்துவருக்கு அவகாசம் கிடைக்கும்.