தோழர்களே, திறந்து கிடக்கும் வாசலைத் தீபாவளிக்குள் மூடுங்கள்!



சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் என்று பேராக்கின் எந்த மூலையில் பிறந்திருந்தாலும் நம்மில் பலருக்கு இன்று பிழைப்பு கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ சிங்கப்பூரிலோதான். பால்மரக் காடு செம்பனையாகி, செம்பனை தாமானாகிவிட்டது. லயத்தை விட்டு வந்த நம் பெற்றோர் அந்தத் தாமான்களில் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக ஒரு ரவுட்டரும் சில கேமராக்களும் ஒரு பதிவுப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தோம். அம்மாவின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டும் என்ற தவிப்பில், பொருத்த வந்தவரிடம் வெளியூரிலிருந்தும் தெரியும்படி செய்யச் சொன்னோம். அவர் ரவுட்டரில் போர்ட் என்ற ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போனார். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. அந்த வாசல் இன்றும் திறந்தே கிடக்கிறது.

அந்த வாசலை யார் தட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். தட்டுவது மனிதர்கள் அல்ல, நிரல்கள். உலகத்தின் ஒவ்வொரு இணைய முகவரியையும் இரவும் பகலும் அவை வரிசையாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2016-இல் மிராய் என்ற தீநிரல், பெட்டியோடு வரும் சுமார் 60 கடவுச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டரும் நெட்ஃபிளிக்சும் பலருக்குத் திறக்கவில்லை. அந்தப் படையில் சேர்க்கப்பட்டவை நம் வீட்டுச் சுவரில் தொங்குவதைப் போன்ற பெட்டிகள்தாம்.

வழி நமக்குத் தெரியும்: போர்ட்டை அடைத்துவிட்டு விபிஎன் என்ற பூட்டிய தனிவழியாக மட்டும் வீட்டுக்குள் நுழைவது. தெரிந்தும் ஏன் நடக்கவில்லை? எந்த விபிஎன் சிறந்தது என்று நாம் விவாதித்துக்கொண்டே இருக்கிறோம். விவாதம் போதும். என் முடிவைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் அடைத்த பிறகு மறுங்கள்.

யூடியூப் விளம்பரங்களில் வரும் மாதச் சந்தா விபிஎன் நமக்கு உதவாது. அது நம்மை வெளியுலகத்துக்குக் கொண்டுபோகும், நம் வீட்டுக்குள் கொண்டுவராது. பழைய ரவுட்டர்களில் இன்னும் காணப்படும் பிபிடிபி என்ற விபிஎன் முறையைத் தொடவே வேண்டாம். அதன் அடையாளச் சோதனையை முழுக்க உடைக்கலாம் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள்.

வீட்டு இணைப்புக்கெனத் தனிப் பொது இணைய முகவரி இருந்தால் வயர்கார்டு என்ற விபிஎன்னைப் போடுங்கள். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய இந்த நிரல் சுமார் 4,000 வரிதான். 2020 மார்ச்சிலிருந்து லினக்ஸ் கருவகத்துக்குள்ளேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாமல் வரும் எந்தப் பொட்டலத்துக்கும் அது பதில் தருவதில்லை. தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சாவி கொடுங்கள். தம்பியின் கைப்பேசி தொலைந்தால் அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும். ஓப்பன்விபிஎன்னும் நம்பகமானதுதான். வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபியைத் தடுக்கும் அலுவலக வலையிலிருந்து டிசிபி 443 வழியாக வீட்டுக்கு வர அது கைகொடுக்கும். ஆனால் அளவில் பெரிது, அமைக்கவும் பொறுமை வேண்டும்.

தோட்டப்புறத்தில் சிக்கல் வேறு. ஃபைபர் எட்டாத வீடுகளில் சிம் அட்டை போட்ட ரவுட்டர்தான் கதி. அங்கே ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் உங்கள் வீடும் அப்படித்தான். வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. அங்கே டெயில்ஸ்கேல் என்ற சேவையைப் போடுங்கள். உள்ளே ஓடுவது அதே வயர்கார்டு. இரண்டு முனைகளும் வெளிநோக்கிக் கிளம்பி நடுவழியில் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை. ஒரு குறை உண்டு: எந்தெந்தச் சாதனம் நம் வலையில் சேரலாம் என்ற பட்டியல் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. இன்றைக்கு அதை ஏற்றுக்கொள்வோம். அடுத்த ஆண்டுக்குள் நாலைந்து பேர் பணம் போட்டு ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து, அதே வேலையைச் செய்யும் ஹெட்ஸ்கேல் என்ற நிரலை நிறுவி, அந்தப் பட்டியலையும் நம் கைக்குக் கொண்டுவருவோம்.

கூட்டாகப் பணம் போடுவது நமக்குப் புதிதா? தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டிய கைகள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கின. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டின் சாவியை வைத்துக்கொள்வது முடியாத காரியம் அல்ல.

  

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கேமராவில் தெரிவது அம்மா நடமாடும் கூடம். யார் பார்க்கலாம் என்று முதலில் அவரைக் கேளுங்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் சாவி தரலாமா என்பதை அவரே சொல்லட்டும். விபிஎன் அமைந்ததும் கேமராக்கள் தாமாக இணையத்துக்குப் போவதை ரவுட்டரிலேயே தடுத்துவிடுங்கள். தயாரிப்பாளரின் சர்வருக்கு நம் கூடத்தின் படம் எதற்கு?

தீபாவளிக்கு ஊர் திரும்புகிறோம். அமான்ஜெயா பேருந்து நிலையத்தில் இறங்கும்போது விபிஎன் செயலிகள் கைப்பேசியில் தயாராக இருக்கட்டும். முதல் நாளே ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கேமராவுக்காகத் திறந்த போர்ட்டை மூடுங்கள், சாதனங்கள் தாமாகப் போர்ட் திறக்க விடும் யுபிஎன்பியை அணையுங்கள். வீட்டு வலையின் எண்ணை 192.168.1-இலிருந்து 192.168.77 போன்ற ஒன்றுக்கு மாற்றுங்கள்; உங்கள் வாடகை அறையிலும் அதே எண் இருந்தால் விபிஎன் வழி தடுமாறும். பிறகு விபிஎன்னை அமைத்து, வைஃபையை அணைத்துக் கைப்பேசித் தரவில் கேமராவைத் திறந்து பாருங்கள். விபிஎன் இல்லாமல் தெரியக் கூடாது, விபிஎன்னோடு தெரிய வேண்டும். அது முடிந்ததும் பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போகும்போது அவர்கள் ரவுட்டரையும் கேட்டுப் பாருங்கள்.