ஒருமுறை அரைத்தால் போதாதா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

சென்ற கோடை விடுமுறையில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் சில வாரங்கள் உதவியாளாக இருந்தேன். அங்குள்ள ஸ்விட்ச்களையும் ரவுட்டர்களையும் ஒரு கணினி நிமிடந்தோறும் நலம் விசாரித்தது. அக்கணினியோ நாளெல்லாம் திணறியது. “கடவுச்சொல் தொல்லையை விட்டுப் பழைய முறைக்கே போய்விடலாம்” என்றார் மூத்த ஊழியர் ஒருவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெரியவர்கள் முன் வாய் திறக்கத் துணிவு வரவில்லை. அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

இவ்விசாரிப்புக்கான முறைக்கு எஸ்.என்.எம்.பி. என்று பெயர். பழைய முறையில் அடையாளச் சொல் மறைவின்றியே செல்லும். வழியில் ஒட்டுக்கேட்பவனுக்கு அது எளிதில் கிட்டும். மூன்றாம் பதிப்பு இக்குறையைப் போக்கியது. 2002-இல் வெளியான அதன் விதிப்படி, கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கி 10,48,576 பைட் நீளமாக்கி, ஹாஷ் முறையில் அரைத்து ஒரு சாவி எடுக்க வேண்டும். அதனுடன் கருவியின் அடையாளத்தைச் சேர்த்துச் சிறிது அரைத்தால் அக்கருவிக்கே உரிய தனிச்சாவி கிடைக்கும். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் திருடனைத் தாமதப்படுத்தவே இத்தனை நீளம்.

அப்படியானால் குற்றம் விதியிலா? இல்லை. அங்கிருந்த நிரல் ஒவ்வொரு கேள்விக்கும் புதிய கட்டளை ஒன்றை ஓட்டியது. கட்டளை முடிந்ததும் சாவியும் மறைந்தது. அடுத்த கேள்விக்கு மீண்டும் முதலிலிருந்து அரைப்பு! 500 கருவிகள், கருவிக்கு இரண்டு கடவுச்சொற்கள், நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 1,000 மெகாபைட் அரைக்க வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் அதே இரு கடவுச்சொற்கள் என்றால், அந்தப் பெரிய அரைப்பு இரண்டே முறை போதும்.

என் தாய் இட்லிக் கடை நடத்தித்தான் என்னைப் படிக்க வைக்கிறார். ஒவ்வோர் இட்லிக்கும் அவர் தனியே மாவரைத்தால் கடை என்னவாகும்?

எனவே, கண்காணிப்பு நிரல் இடையறாது ஓடட்டும். எடுத்த சாவியை நினைவில் வைத்திருக்கட்டும். கடவுச்சொல் மாறினால் பழைய சாவியை எறிந்துவிட வேண்டும். சாவியையும் கடவுச்சொல்லைப் போலவே காக்க வேண்டும். இவ்வளவே மருந்து.

நண்பர்களே, சுமை கூடியதும் கதவின் பூட்டைக் கழற்றுவது அறிவுடைமை ஆகாது. செய்த வேலையையே எங்கே திரும்பச் செய்கிறோம் என்று முதலில் தேடுவோம். கண்டதைப் பெரியவர்களிடம் பணிவோடு, ஆனால் தயங்காமல் சொல்வோம்.