சத்தம் பழகிவிடுமா?

தொட்டில் குழந்தை கண்ணயரும் நேரம் பார்த்து எவர்சில்வர் தட்டு ஒன்று 'டணார்' என்று விழுந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதைவிடப் பெரிய சத்தத்தை, தினம் எட்டுத் தடவை, வேண்டுமென்றே ஓர் ஊரின் தலையில் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள், சகோதரிகளே!

அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி. 1964 பிப்ரவரி 3-ஆம் தேதி ஆரம்பித்து ஆறு மாதம். ஒலியை முந்திப் பறக்கும் பயணிகள் விமானம் கட்ட அந்நாட்டு அரசு அப்போது திட்டமிட்டிருந்தது. விமானம் தயாராகவில்லை. அது ஊர்மேல் பறந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்களா என்று முதலில் தெரிய வேண்டுமே! ராணுவ விமானங்களைப் பறக்கவிட்டு அதே மாதிரிச் சத்தத்தை உண்டாக்கினார்கள்.

படகு போனால் பின்னாலேயே அலை வந்து கரையில் மோதுகிறதல்லவா? ஒலியை முந்தும் விமானத்துக்குப் பின்னாலும் காற்றில் அப்படி ஓர் அலை வருகிறது. தரையில் அது வெடிச் சத்தமாகக் கேட்கும். ஓரிடத்தில் மட்டுமல்ல, விமானம் போகும் வழி நெடுக.

காலை 7 மணிக்கே முதல் வெடி. மொத்தம் 1,253! முதல் 14 வாரத்தில் ஊரின் மிக உயரமான இரண்டு கட்டடங்களில் மட்டும் 147 ஜன்னல்கள் உடைந்தன. நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்களில் நூற்றுக்கு 94-ஐத் தள்ளிவிட்டார்கள். என்ன நியாயமோ போங்கள்!

சுமார் 3,000 பேரை மூன்று தடவை பேட்டி கண்டார்கள். "இந்தச் சத்தத்தோடு உங்களால் காலம் தள்ள முடியுமா?" முதல் தடவை நூற்றுக்கு 90-க்கு மேல் "முடியும்" என்றார்கள். கடைசியில் அது 73 ஆகிவிட்டது. நாளானால் எல்லாம் பழகிவிடும் என்பார்களே, இங்கே நாளாக ஆகப் பொறுமைதான் போனது. நடுவில் வெடியின் பலத்தைக் கூட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர், "நாலில் மூணு பேர் சரின்னுட்டாங்களே, நல்ல மார்க்குதானே?" என்றார். "நாலாவது வீட்டிலே கைக்குழந்தை இருந்திருக்கும்" என்றேன்.

1971-இல் அந்த விமானத் திட்டத்துக்குப் பணம் நின்றது. 1973-இல் தரைக்கு மேல் பயணிகள் விமானம் அப்படிப் பறக்கவே தடை போட்டார்கள்.

2018 நவம்பரில் நாசா இதையே கொஞ்சம் பதமாகச் செய்தது. டெக்ஸாஸின் கால்வெஸ்டன் ஊரில், தாமாக முன்வந்த 500 பேர் போல. விமானம் கடலுக்கு மேலே தலைகுப்புறப் பாய, பெரிய வெடி கடலோடு போயிற்று. ஊருக்குள் மெல்லிய 'தொப்' மட்டும். கேட்டதா, எவ்வளவு தொந்தரவு என்று அவர்கள் எழுதித் தந்தார்கள்.

ஆனால் தூங்குகிறவர்களை எப்படிக் கேட்பது? ஐரோப்பாவில் நான்கு விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்த 140 பேருக்கு இரவு முழுவதும் ரத்த அழுத்தம் அளந்தார்கள். முடிவு 2008-இல் வந்தது. விமானம் கடந்த போதெல்லாம் அழுத்தம் ஏறியிருக்கிறது, அவர்கள் கண் விழிக்காமல் தூங்கிக்கொண்டிருந்த போதும். காலையில் கேட்டிருந்தால், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள்.