தோளுக்குத் தெரிந்த சரித்திரம்

2015 ஜூன் மாதம், பெல்ஜியத்தின் வாட்டர்லூ. நெப்போலியன் தோற்ற 200ஆவது ஆண்டை ஒட்டி, பல நாடுகளிலிருந்து வந்த சுமார் 5,000 பேர் அந்தக் காலச் சீருடையில் அணிவகுத்தார்கள். பீரங்கி முழங்கியது, புகை மண்டியது, கூட்டம் கைதட்டியது. வாரம் முழுவதும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு நாள் சிப்பாய்களாக மாறும் பொழுதுபோக்கு இது. இப்படிப்பட்ட முகாம்களில் மாலை நேரத்தில் நெப்போலியனின் வியூகத்தைவிட அதிகம் அலசப்படும் விஷயம் ஒன்று உண்டு: தோள்வலி.

காரணம் எளிது. 1815இன் பிரிட்டிஷ் காலாட்படை வீரன் சுமந்த மூட்டை சுமார் 25 கிலோ. துப்பாக்கி மட்டுமே நாலரை கிலோ. 60 தோட்டாக்கள் அடங்கிய தோல்பெட்டி, ரொட்டிப்பை, மரத்தாலான தண்ணீர்க் குடுவை, மேலே போர்வை கட்டிய முதுகுப்பை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார். அத்தனையும் தொங்குவது தோளில். போதாக்குறைக்கு, முதுகுப்பையின் இரண்டு வார்களை இணைக்கும் குறுக்குவார் ஒன்று நெஞ்சை இறுக்கும். ஆழமாக மூச்சு இழுத்தால் வார் தடுக்கும். தீபகற்பப் போரில் பங்கேற்ற ஹாரிஸ் என்ற வீரரின் நினைவுக் குறிப்புகள் 1848இல் வெளிவந்தன. முதுகுப்பையின் எடையே பல சகாக்களைச் சாய்த்துவிட்டது என்பது அவர் நம்பிக்கை.

இன்றைய பொழுதுபோக்குச் சிப்பாய்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள் சில. முதுகுப்பை தொங்கக் கூடாது. அதன் மேல்விளிம்பு தோள் மட்டத்தில், முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும். கனமான சாமான் முதுகுப் பக்கம், லேசானது வெளிப்பக்கம். ரொட்டிப்பையும் குடுவையும் தொடையில் அடித்துக்கொண்டிருந்தால் நடையே கெடும். வாரைச் சுருக்கி, உயர்த்தி மாட்ட வேண்டும். தோல் வார் புதிதாக இருக்கும்போது கத்தி மாதிரி அறுக்கும். எண்ணெய் போட்டுப் பழக்கி, பத்து நாளாவது கொஞ்ச தூரம் நடந்து பார்த்த பிறகே களத்துக்கு எடுத்துச் செல்வது நல்லது.

குறுக்குவழியும் உண்டு. பைக்குள் நுரைப்பஞ்சை அடைத்துவிட்டால் பார்வைக்குக் கச்சிதம், எடை பூஜ்யம். கூட்டத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நடை காட்டிக்கொடுத்துவிடும். நிஜமான சுமை முதுகில் ஏறினால் உடம்பு தானாக முன்னால் சாயும், அடி குறுகும், தலை தாழும். பஞ்சு சுமப்பவர் நிமிர்ந்து உல்லாசமாக நடப்பார். சட்டைப் பொத்தான்வரை அசலாக இருந்து, நடை மட்டும் பொய்யாகிப் போகும்.

சுமை எப்படி மனிதனை உருக்குகிறது என்பதை ராணுவமே தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. சிப்பாய்களிடம் இதயக் கோளாறு அதிகம் காணப்படுவதற்கு நெஞ்சை இறுக்கும் வார்கள் காரணமாக இருக்கலாம் என்று 1860களில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் வாதிட்டார்கள். சுகாதாரப் பேராசிரியர் எட்மண்ட் பார்க்ஸ் போன்றவர்களின் முயற்சியால் 1871இல் புதிய முறை வந்தது. பை முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. நெஞ்சு விடுதலை பெற்றது. 1908இல் தோலுக்குப் பதிலாகப் பருத்தி நாடாவில் நெய்த வார்கள் வந்தன. முன்னால் தோட்டா, பின்னால் பை, இரண்டுக்கும் நடுவே பெல்ட்; எடை சமன்பட்டது. மொத்தத்தையும் சட்டை மாதிரி ஒரே வீச்சில் கழற்றலாம். இதன் வாரிசான 1937 மாதிரியை அணிந்துதான் இந்தியச் சிப்பாய்கள் 1944இல் கோஹிமாவில் போரிட்டார்கள்.

ஆகவே, எந்தக் காலத்து வேஷம் என்பதைப் பொறுத்து வலியும் மாறும். 1944இன் சிப்பாயாக நடப்பவர் சுமையை இடுப்புக்கு இறக்கலாம். 1815இன் சிப்பாய்க்கு அந்த வசதி கிடையாது. அவர் செய்யக்கூடியது, அக்காலத்து வீரனே செய்திருக்கக்கூடியதை மட்டும்: வாரைத் திருத்துவது, போர்வையை மடித்து முதுகுக்கு மெத்தையாக்குவது, தேவையற்றதைத் தூக்கி எறிவது.

ஒரு விஷயத்தில் மட்டும் சரித்திர விசுவாசம் கூடாது. கை மரத்துப்போனாலோ, விரல்களில் பலம் குறைந்தாலோ தோள் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். அந்தக் கணமே மூட்டையை இறக்கிவிட வேண்டும். பிடிவாதம் பிடித்தால் வாரக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல் போகலாம்.

மூட்டையை இறக்கிவைக்கும் உரிமை இன்றைய சிப்பாய்க்கு உண்டு. 1815இல் அதே வயலில் நின்றவனுக்கு அது இல்லை. அந்த வித்தியாசத்தை எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் சொல்லாது, தோள் சொல்லும்.