75 மணி நேரம் போதுமா?

நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் தெருமுனையில் இருக்கும் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அதே பெயருக்கு அர்த்தமே வேறு. தானாக எழுந்து நடக்கவோ, குளிக்கவோ, சாப்பிடவோ முடியாத பெரியவர்கள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் அது. டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். நர்ஸ் மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், ரிப்போர்ட் எழுதுவார். மற்றதெல்லாம்? முகம் துடைத்து விடுவது, பல்செட்டைக் கழுவி மாட்டுவது, டயப்பர் மாற்றுவது, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றி உட்கார வைப்பது, ஸ்பூனால் ஊட்டி விடுவது.. இதையெல்லாம் பெரும்பாலும் செய்பவர் நர்ஸ் அல்ல. அவருக்குக் கீழே வேலை செய்யும் நர்சிங் அசிஸ்டென்ட்.

இந்த வேலைக்குப் படிப்பவர்கள் வகுப்பறையை விட்டு முதல் தடவையாக நிஜமான மனிதர்களிடம் போய்ப் பழகும் கட்டத்துக்கு 'கிளினிக்கல்' என்று பெயர். படிப்பிலேயே முக்கியமான கட்டம் இதுதான். ஆனால் அமெரிக்காவின் மத்திய சட்டம் மிகவும் கஞ்சத்தனமாக அளந்து கொடுத்திருப்பதும் இதைத்தான்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். வயது பத்தொன்பது, இருபது இருக்கலாம். காலை ஆறே முக்காலுக்கு சீருடையில், நொடி முள் உள்ள வாட்ச் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். நொடி முள் எதற்கு? நாடித்துடிப்பை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். வகுப்பில் சொல்லிக் கொடுத்தது எல்லாம் மனப்பாடம். கதவைத் தட்டு. உன் பெயரைச் சொல். கையை 20 நொடி சோப்புப் போட்டுக் கழுவு. திரையை இழுத்து மூடு. கட்டில் சக்கரத்துக்கு பிரேக் போடு. வேலை முடிந்ததும் அழைப்பு மணி அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார். இதில் ஒன்றிரண்டை மறந்தால்கூட தேர்வில் போச்சு!

முதல் நாள் அவளுக்குக் கிடைப்பவர் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். சட்டை போட்டுவிட வேண்டும். விதி தெரியும்: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அதே கை கடைசியில். வகுப்பில் தோழி பக்கவாதம் வந்தவர் மாதிரி நடித்தாள். ஆனால் தோழியின் கை தன்னை அறியாமலே வளைந்து கொடுத்தது. இந்தக் கை வளையவில்லை. கொஞ்சம் அதிகமாக இழுத்தால் தோள்பட்டை என்ன ஆகும் என்று தெரியவில்லை. பாட்டிக்கு வலிக்கிறது. 'வேண்டாம், போ' என்கிறார். பாடப்புத்தகத்தில் இதற்கும் பதில் உண்டு: மறுப்பது அவருடைய உரிமை, கட்டாயப்படுத்தாதே, நர்ஸிடம் சொல். ஆனால் எட்டரைக்கு டிபன். அதற்குள் எல்லோரும் சாப்பாட்டு ஹாலில் இருக்க வேண்டும். நர்ஸ் வராந்தாவின் அந்தக் கோடியில் மருந்து வண்டியோடு நிற்கிறார்.

இப்படி ஒரு கணத்தில் என்ன செய்வது என்பதை எந்தப் புத்தகமும் முழுசாகச் சொல்லித் தராது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, 'அவசரப்படாதே, முதலில் கையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு வார்த்தை பேசு' என்று சொன்னால்தான் வரும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் எவ்வளவு?

இங்கே கொஞ்சம் சரித்திரம். 1986-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்) இந்த இல்லங்களின் தரத்தைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 1987-ல் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு இந்த உதவியாளர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று மத்திய அரசு விதி எதுவும் கிடையாது. சட்டம் வந்த பிறகு குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி, ஒரு எழுத்து அல்லது வாய்மொழித் தேர்வு, ஒரு செய்முறைத் தேர்வு, மாநிலப் பதிவேட்டில் பெயர் என்று ஆனது. பெரிய முன்னேற்றம்தான், மறுக்க முடியாது.

அந்த 75-க்குள் 16 மணி நேரம் மேற்பார்வையோடு கூடிய செய்முறைப் பயிற்சியாக இருக்க வேண்டும். 16 மணி நேரம் என்பது இரண்டு ஷிஃப்ட். ரெண்டே ரெண்டு நாள்! அதுவும் நிஜ இல்லத்தில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிற்சிக் கூடத்திலோ வேறு இடத்திலோ, நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, 'ஒரு நபருக்கு' செய்து காட்டினால் போதும் என்கிறது மத்திய விதி. அந்த நபர் பக்கத்து பெஞ்சுத் தோழியாகவும் இருக்கலாம். அதாவது, பாட்டியின் வளையாத கையை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காமலே குறைந்தபட்சத் தகுதியை எட்டிவிட முடியும்.

சில மாநிலங்கள் இது போதாது என்று தாங்களே கூட்டிக்கொண்டன. டெக்சாஸில் 100 மணி நேரம். கலிஃபோர்னியாவில் 160, அதில் 100 மணி நேரம் கிளினிக்கல். மத்திய அரசின் குறைந்தபட்சம் மட்டும் 1987-ல் போட்ட இடத்திலேயே நிற்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. அதே கலிஃபோர்னியாவில் முடிதிருத்துபவர் உரிமம் வாங்க 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். முடிதிருத்துவது லேசான வேலை என்று யாரும் சொல்லவில்லை. கத்தியைக் கையில் பிடிப்பவருக்குப் பயிற்சி வேண்டும்தான். கத்தரி பிடிக்க ஆயிரம் என்றால், விழுந்தால் இடுப்பு எலும்பு முறிந்துவிடக்கூடிய ஒரு பெரியவரை இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தூக்கி நிறுத்த, நாடு முழுவதற்குமான குறைந்தபட்சம் 75 என்பது எந்தத் தராசில் நிறுத்த கணக்கு?

'அதிகமாகக் கேட்டால் ஆளே வரமாட்டார்கள்' என்று இல்லங்களை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய. இன்னும் இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் படி என்றால் வாடகை யார் கட்டுவது? 2023 கணக்கில் இந்த வேலையின் சம்பளமே மணிக்கு சுமார் 18 டாலர்தான். வசதியான படிப்பாக மாற்றிவிட்டால் ஏழைக்குக் கதவு அடைபடும்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கான பதிலும் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு இல்லத்தில் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்தவரிடம் பயிற்சிக்கோ தேர்வுக்கோ கட்டணம் வாங்கக் கூடாது. சொந்தக் காசில் படித்தவர் 12 மாதத்துக்குள் வேலையில் சேர்ந்தால் மாநிலம் அந்தச் செலவைத் திருப்பித் தர வழி செய்ய வேண்டும். அதாவது பயிற்சியின் செலவு மாணவியின் தலையில் விழக் கூடாது என்ற கொள்கை அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. கூடுதல் மணி நேரத்துக்கும் அதையே நீட்டினால் முடிந்தது. கிளினிக்கலில் செலவாகும் நேரத்துக்குச் சம்பளமும் கொடுத்தால் இன்னும் நல்லது.

'செலவு தாங்காது' என்றால், வணிகவியல் முதல் வருடத்தில் படிக்கும் ஒரு விஷயம்: கணக்கில் தெரியாத செலவும் செலவுதான். 2021-ல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியானது. 2017, 2018-ம் ஆண்டுகளின் சம்பளப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், இந்த இல்லங்களில் நர்சிங் ஊழியர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் வருடத்துக்கு சராசரியாக 128 சதவீதம். நூறுக்கு மேல் சதவீதமா என்று குழம்ப வேண்டாம். 100 வேலை இருந்தால் ஒரு வருடத்தில் 128 தடவை யாராவது விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் புது ஆள் தேட வேண்டும், சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுவரை இருப்பவர்களுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும். பாட்டிக்கு? அவர் உடம்பைத் தொட ஒவ்வொரு மாதமும் ஒரு புது முகம். அந்தச் செலவை எந்த லெட்ஜரில் எழுதுவது?

எல்லோரும் பயிற்சி போதாமல்தான் போகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. சம்பளம், முதுகுவலி, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்டு. ஆனால் வகுப்பில் கற்றதும் வேலையில் பார்ப்பதும் இவ்வளவு தூரம் விலகியிருந்தால் புதிதாக வந்தவள் எத்தனை நாள் தாங்குவாள்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஏழு மணிக்கு ஷிஃப்ட், எட்டரைக்கு டிபன், அவள் பொறுப்பில் ஒன்பது பேர் என்றால் ஒருவருக்குப் பத்து நிமிடம். வகுப்பில் விதிப்படி ஒருவரைத் துடைத்து, உடை மாற்றி, வீல்சேரில் உட்கார வைக்க அவளுக்கு அரை மணி ஆனது. மீதி இருபது நிமிடத்தை எங்கே வெட்டுவது? கை கழுவுவதிலா? திரை மூடுவதிலா? பேசுவதிலா? பெரும்பாலும் முதலில் வெட்டுப்படுவது பேச்சுதான். அடுத்தது, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது. அதன் பலன் படுக்கைப் புண்.

ஆள் எண்ணிக்கையைக் கூட்டவும் முயற்சி நடந்தது. 2024-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு உதவியாளர் நேரமாக மட்டும் 2.45 மணி கணக்கு வர வேண்டும் என்றது. அதாவது 24 மணி நேரத்தில் 147 நிமிடம். அதுவே அதிகம் என்று வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிபதி அதை ரத்து செய்தார். அதே ஜூலையில் வந்த சட்டம் அந்த விதியை அமல்படுத்துவதை 2034 வரை நிறுத்தி வைத்தது. ஆக, ஆள் கூடப் போவதில்லை. அப்படியென்றால் இருக்கும் ஆளாவது நன்றாகப் பழகியவராக இருக்க வேண்டாமா?

பயிற்சியைக் குறைத்தால் என்ன என்ற பரிசோதனையும் நடந்தாயிற்று. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது 75 மணி நேர விதியே தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. எட்டு மணி நேர ஆன்லைன் பாடம் முடித்தவர்கள் தற்காலிக உதவியாளர்களாக உள்ளே வந்தார்கள். அன்று வேறு வழியில்லை, உறவினர்கள்கூட உள்ளே வர முடியாத நேரம். வந்தவர்களைக் குறை சொல்லவும் கூடாது. ஆனால் நெருக்கடியில் எடுத்த முடிவை நல்ல நாளிலும் நீட்டிக்கலாமே என்ற ஆசை மட்டும் ஆபத்தானது. அந்தத் தளர்வை 2022 ஜூனில் மத்திய அரசு முடிவுக்குக் கொண்டுவந்தது சரியான காரியம்.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2008-லேயே அதே மருத்துவக் கழகம் குறைந்தபட்சம் 120 மணி நேரமாக உயர்த்தச் சொல்லிவிட்டது. 45 மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அந்த 45-ஐயும் வகுப்பறை ஸ்லைடுகளில் கழித்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. முழுசாக நிஜ இல்லத்தில், அனுபவமுள்ள ஒரு உதவியாளரோடு, படிப்படியாக நடக்க வேண்டும். முதல் நாள் ஒருவர். அப்புறம் இரண்டு பேர். கடைசி நாளில் பாதி ஷிஃப்டின் முழுச் சுமை. சொல்லிக் கொடுக்கும் அந்த அனுபவசாலிக்கு அன்று பொறுப்பு குறைவாகவும், சம்பளம் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவி அவருக்கு இன்னொரு சுமை, அல்லது ஓசி வேலையாள்.

ஓசி வேலையாள் என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஆள் குறைவான நாளில் 'அந்த மூன்று பேரை நீ பார்த்துக்கொள்' என்று மாணவியைத் தனியாக அனுப்பும் சபலம் யாருக்கும் வரும். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பயிற்சி பெற்று, ஆசிரியர் 'சரி, உனக்கு வந்துவிட்டது' என்று ஒப்புக்கொண்ட வேலையைத் தவிர வேறு எதையும் மாணவி செய்யக் கூடாது. பாட்டிக்கு 'வேண்டாம்' என்று சொல்ல உரிமை இருப்பது போலவே, 'எனக்கு இன்னும் இது சொல்லித் தரவில்லை' என்று சொல்ல மாணவிக்கும் வழி இருக்கிறது. முதல் நாளில் நடுங்கும் குரலில் அதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் அப்படிச் சொல்லத் தெரிந்தவளை நம்பித்தான் ஒருவரைத் தூக்கி நிறுத்தும் வேலையைக் கொடுக்கலாம்.

இன்று அந்த மாணவிக்கு இருபது வயது. பாட்டிக்கு எண்பத்தாறு. நடுவில் இருப்பது அறுபத்தாறு வருடம். சட்டம் போடுபவர்கள், இல்லம் நடத்துபவர்கள், செலவு கணக்கு பார்ப்பவர்கள் எல்லோரும் இந்த இடைவெளியில்தான் எங்கோ ஒரு இடத்தில் இருக்கிறார்கள், பாட்டியின் கட்டிலை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் அவர்களுடைய கதவையும் யாரோ தட்டி, பெயரைச் சொல்லி, கை கழுவிவிட்டு வந்து நிற்கப் போகிறார்கள். அப்படி வருபவர் நிஜமான மனிதரிடம் எத்தனை மணி நேரம் பழகியிருக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவார்கள்? பதினாறா?