கொலையாளிக்குத் தூக்கு, கூட்டாளிக்குச் சொத்து!

இரண்டாம் உலக யுத்தத்தில் வென்ற வல்லரசுகள் நூரெம்பர்க்கில் நீதியை நிலைநாட்டிவிட்டன என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் இன்றும் புகழ்பாடுகின்றன. நாம் கேட்கிறோம்: யாருக்குத் தண்டனை? எத்தனை நாளைக்கு?

நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்று குவித்தனர். 1945 நவம்பர் 20-ந் தேதி தொடங்கிய நூரெம்பர்க் விசாரணையில் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இதை நாம் குறைத்துப் பேசவில்லை. மேலிடத்து உத்தரவு என்று சொல்லிக் கொலைகாரன் தப்ப முடியாது என்று உலகம் அன்று அறிந்தது. ஆனால், கொலைகாரனோடு கூட்டுச் சேர்ந்து லாபம் சம்பாதித்தவன் என்ன ஆனான்?

ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனி, ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் பக்கத்திலேயே செயற்கை ரப்பர் ஆலை கட்டியது. முகாம் கைதிகளை வாடகை மாடுகளைப் போல் வேலை வாங்கியது. வாடகைப் பணம் நாஜிப் படைக்கு. கைதிக்குச் சல்லிக் காசு இல்லை. உழைக்கத் தெம்பில்லாதவனுக்கு விஷவாயு அறை! 1948 ஜூலையில் இக்கம்பெனி அதிகாரிகள் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது அமெரிக்க ராணுவ நீதிமன்றம். அதிகபட்சத் தண்டனை எவ்வளவு தெரியுமா? 8 ஆண்டு! 7 ஆண்டு பெற்ற ஃபிரிட்ஸ் டெர் மேர், 1956-ல் பேயர் கம்பெனியின் மேற்பார்வைக் குழுத் தலைவராகவே அமர்ந்துவிட்டார்.

பீரங்கி முதலாளி ஆல்ஃபிரட் குருப்புக்கு 12 ஆண்டுச் சிறை, சொத்து முழுதும் பறிமுதல் என்று 1948-ல் தீர்ப்பாயிற்று. 1951 ஜனவரி 31-ந் தேதி அமெரிக்க ஹைகமிஷனர் மக்ளாய் அவரை விடுவித்தார்; சொத்தையும் திருப்பிக் கொடுத்தார். இந்த மக்ளாய் உலக பாங்கியின் முன்னாள் தலைவர்! மற்றக் குற்றவாளிகளுக்குச் சொத்துப் பறிமுதல் இல்லையே என்பது அவர் சொன்ன சமாதானம். அப்படியானால் மற்றவர் சொத்தையும் அல்லவா பறித்திருக்க வேண்டும்?

ஏன் இந்தக் கருணை? 1950 ஜூனில் கொரிய யுத்தம் மூண்டது. மேற்கு ஜெர்மனிக்கு மீண்டும் ஆயுதம் கொடுக்க அமெரிக்கா துடித்தது. 1955-ல் அந்நாடு நேட்டோவில் சேர்க்கப்பட்டது. ஜெர்மன் உருக்கு தேவைப்பட்டது. சிறைக் கதவு திறந்தது.

முதலாளிக்கு மூன்றே ஆண்டில் சொத்து திரும்பிற்று. அடிமைகளாய் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு? ஜெர்மனியில் அதற்கான நிதி 2000-ல்தான் அமைந்தது. பட்டுவாடா 2001-ல் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். 1948-ல் ஐ.நா. நிறைவேற்றிய இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை ஏற்க அமெரிக்காவுக்கு 1988 வரை மனம் வரவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைப்போம்.

வென்றவனின் நீதி, வென்றவனின் தேவை வரைதான் செல்லும். ஆகவே, இனப்படுகொலை எங்கே நடந்தாலும் உழைக்கும் மக்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது: துப்பாக்கி ஏந்தியவனோடு விசாரணையை நிறுத்தாதே! கம்பெனியின் கணக்குப் புத்தகத்தையும் கூண்டில் ஏற்று!